பிரிட்ஜில் எதெல்லாம் சேரும்?

நெட்வொர்க் ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவளை நலம் விசாரிக்க யாரும் கூப்பிடுவதில்லை; எடுத்த எடுப்பிலேயே "மேடம், எதுவுமே வரல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஹாலில் வரும் வைஃபை படுக்கையறையில் வராமல், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வீடு முழுக்க அலையும் என் சக துயரவாசிகளே, உங்கள் மறுமுனையில் இருப்பவள் நான்தான்.

என் கணவர் கார்த்திக் அபுதாபியைச் சேர்ந்த ருவைஸில் ஒரு பிளான்ட்டில் ஷிஃப்ட் பார்க்கிறார். நான் அங்கேயே குவார்ட்டர்ஸில், துணி இஸ்திரி போடத்தான் லாயக்கு என்கிற அளவில் ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்செட் மாட்டி, துபாய், தோஹா, குவைத் என்று வரும் அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். கான்வென்ட்டில் படித்தவள். கேள்வி ஒரு வார்த்தையாக இருந்தாலும் பதில் முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்று சிஸ்டர் பழக்கிவிட்டதால், "ஆமா"வோடு முடிய வேண்டிய அழைப்பும் என்னிடம் பத்து நிமிடம் ஓடும்.

எங்கள் மகள் மித்ராவுக்குப் பத்து மாதம். எட்டாவது மாதத்தில், காய்ச்சலில் ஒரு தடவை வலிப்பு வந்தது. இரண்டு நிமிடம்தான் என்கிறார் கார்த்திக். இருக்கலாம், அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன். "சின்னப் பிள்ளைகளுக்கு வர்றதுதான், பயப்படாதீங்க, ஆனா கவனமாப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வந்தது மட்டும்தான் என் காதில் நின்றது. அவள் பகலில் தூங்கும் நேரத்துக்குத் தோதாக இரண்டு இரண்டு மணி நேரமாக டூட்டி வாங்கியிருக்கிறேன். ஆனால் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் பக்கத்து அறையில் என்ன நடந்தாலும் கேட்காது. அவளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய ஒரு வழி கிடைத்தால் வேலை தொடரும், கிடைக்காவிட்டால் ராஜினாமா. இப்போதுகூட அவள் வயிறு ஏறி இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஐந்தாம் நம்பர்

தோஹாவில் நஜ்மா என்ற பகுதியில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன் புதுக்கோட்டைக்காரர். கல்லாவில் ஒரு ரவுட்டர், அடுப்படியில் பழைய ரவுட்டர் ஒன்று. ஆர்டர் அடிக்கும் பிரின்டர் பழையதில் மாட்டியிருக்கிறது. கல்லாவிலிருந்து அனுப்பினால் போய்ச் சேர மாட்டேன் என்கிறது. இதற்கு பிரிட்ஜ்தான் மருந்து. பிரிட்ஜ் என்றால் பெரிய வித்தையில்லை. தனித்தனியாகக் கிடக்கும் இரண்டு வழிகளை ஒட்டி, இரண்டு பக்கத்துக் கருவிகளும் ஒரே வீட்டுக்குள் இருப்பதாக நம்ப வைப்பது. "அண்ணா, பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடில் போடுங்கள்" என்றேன். "போட்ரலாம் மேடம், லைன்லயே இருங்க" என்றார். பாத்திரம் உருளும் சத்தம். யாரையோ "ஜல்தி, பாய், ஜல்தி" என்று விரட்டும் சத்தம். ஐந்து நிமிடம் கழித்து மூச்சு வாங்க வந்தார். ஒன்றும் மாறவில்லை. நானும் அங்கே அமுக்குங்கள், இங்கே அமுக்குங்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

கால் மணி நேரத்துக்குப் பிறகு, பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது, பெட்டி போய் உட்கார்ந்திருப்பது குளிர்பெட்டியின் தலையில் என்று. "அண்ணா, அது ஃப்ரிட்ஜ் இல்லை, பிரிட்ஜ், பாலம்! முதலில் அதைக் கீழே இறக்குங்கள். ஃப்ரிட்ஜின் இரும்பு உடம்பு சிக்னலைத் தின்றுவிடும்" என்றேன், முழு வாக்கியத்தில். அவர் தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப ஃப்ரிட்ஜ் நம்பரை அஞ்சுலேருந்து மறுபடி மூணுக்கே திருப்பிரவா மேடம்? மாவெல்லாம் ஐஸாயிருச்சு."

பாவம் பார்த்தவர்

பாலைவனத்து நடுவில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் சைட் ஆபீஸ். காலையில் வந்து பார்த்தால் நெட் செத்துக் கிடக்கிறது. ஒன்றும் உடையவில்லை, கரண்ட் இருக்கிறது, பெட்டியில் எல்லா விளக்கும் வெறி பிடித்த மாதிரி மின்னுகிறது. இப்படி மின்னினால் எங்களுக்குத் தெரியும், எங்கோ வட்டம் விழுந்துவிட்டது. ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே பெட்டியில் யாராவது செருகியிருப்பார்கள். பிரிட்ஜுக்குத் தன் வாலைத் தானே கடிப்பது தெரியாது. உள்ளே வந்த சேதியை வெளியே அனுப்பும், அது சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளேயே வரும், புதுசு போலிருக்கிறதே என்று மறுபடியும் அனுப்பும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே காலை வணக்கம் நாற்பது தடவை வருமே, அதை நொடிக்குள் லட்சம் தடவை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டம் எனக்கு நன்றாகப் புரியும். மித்ராவின் நெற்றியைத் தொட்டால் சூடு, இல்லை, சூடில்லை, ஒருவேளை என் கைதான் சில்லென்றிருக்கிறதோ, மறுபடி தொட்டுப் பார். என் தலைக்குள் தினமும் ஓடுவதும் இதே சேதிதான். சைட் ஆபீஸில் டைம்கீப்பராக இருக்கும் தஞ்சாவூர்க்காரர் நான் சொன்ன கேபிளைப் பிடுங்கினார். உடனே எல்லாம் உயிர் பெற்றது. யார் செருகியது என்று கேட்டேன். "நான்தாங்க. ஒரு முனை சும்மாவே தொங்கிக்கிட்டு இருந்துச்சு, பாவமா இருந்துச்சுங்க."

கைநீட்டி வாங்கும்போது

இனி என் வீட்டுக் கதை. ஃபைனல் எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊருக்குப் போன எதிர்வீட்டுக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. நல்ல கேமரா, கேபிளில் மட்டும் ஓடும் ரகம். வைஃபை கேமரா வாங்கிவிடலாம் என்றார் கார்த்திக். நான் மாட்டேன் என்றேன். அவற்றில் பல, என் குழந்தை தூங்குவதை ஊர்பேர் தெரியாத கம்பெனியின் கணினிக்கு அனுப்பி, அங்கிருந்துதான் எனக்குத் திருப்பித் தரும். எது எப்படி என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அதை நம்ப எனக்குத் தைரியமில்லை. பழைய போனைக் கேமராவாக நிறுத்திப் பார்த்தேன், அரை மணியில் கொதித்துப்போய் அணைந்தது. ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, கேமரா படுக்கையறையில். குவார்ட்டர்ஸ் சுவரில் ஓட்டை போடக் கூடாது. சரி, ஆபீஸ் கொடுத்த சின்ன ரவுட்டர் பெட்டி இருக்கிறதே, அதன் ஒரு பக்கம் கேமராவின் கேபிள், மறுபக்கம் ஹால் ரவுட்டரின் வைஃபை, நடுவில் ஒரு பிரிட்ஜ். நாள் முழுக்க ஊருக்குச் செய்வதுதானே?

பெட்டி மறுத்துவிட்டது. இந்த இன்டர்ஃபேஸை, அதாவது இந்த வைஃபை முனையை, பிரிட்ஜில் சேர்க்க முடியாது என்று ஒரு வரி, அவ்வளவுதான். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். முதல் கேபிள் போர்ட், சேர்ந்தது. இரண்டாவது, அதுவும் சேர்ந்தது. பெட்டியே வைஃபை கொடுக்கும்படி வைத்தால், அந்த வைஃபையும் சேர்ந்தது! அதே வைஃபை, ஹால் ரவுட்டரிடம் கைநீட்டி வாங்கும் வேலைக்குப் போனால் மட்டும் சேர மாட்டேன் என்கிறது. ஒரே பெட்டி, ஒரே ஆன்டெனா. கொடுக்கும்போது சேர்வது வாங்கும்போது ஏன் சேரவில்லை? டூட்டி முடிந்து வந்த கார்த்திக், மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் திரையை எட்டிப் பார்த்தார். "ஊர்ல உள்ளவங்களையெல்லாம் சேத்து வெக்கிற, நம்ம வீட்டுல மட்டும் சம்பந்தம் ஒத்து வரலையா காயு?"

உறையில்லாத கடிதம்

அந்த வாரமே ஓர் இன்ஜினியர் வந்து வாய்த்தார். சென்னைக்காரர், ஷார்ஜாவில் பெரிய உத்தியோகம். சிம் போட்ட டாங்கிளையும் கேபிளையும் பிரிட்ஜில் சேர்த்தே தீர வேண்டும் என்றார். அதைச் சேர்க்க முடியாது சார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முதல் வாக்கியத்திலேயே தன் அனுபவம் எத்தனை வருடம் என்று சொல்லிவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் அவரும் விடவில்லை, டாங்கிளும் விடவில்லை.

கடைசியில் நான் கடித உதாரணத்தை எடுத்தேன். பிரிட்ஜ் என்பது தபால் பிரிப்பவர் மாதிரி, உறையின் மேல் எழுதிய பெயரை மட்டும்தான் பார்க்கும், பிரித்துப் படிக்காது. கேபிளில் வருவதெல்லாம் உறையோடு வரும். உங்கள் டாங்கிள் உறையே போடாமல் வெறும் காகிதத்தை நீட்டுகிறது. அதைக் கையாள ரவுட்டர்தான் சரி, பிரிட்ஜ் விழிக்கும். அவர் "ம்ம்" என்றார், இன்னொரு "ம்ம்" என்றார். முதலிலேயே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா. முதல்லயே முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்."

ஒரு விசாவில் ஒருவர்

குவைத்தில் மங்காஃபிலிருந்து செந்தில் என்றொருவர் கூப்பிட்டார். அரியலூர்ப் பக்கம், எலக்ட்ரீஷியன், ஒரே ரூமில் ஆறு பேர். வைஃபை லேப்டாப்பில் வருகிறது. ரூமில் இருக்கும் டிவி பெட்டிக்குக் கேபிள் மட்டும்தான் தெரியும். லேப்டாப்பின் வைஃபையையும் கேபிளையும் பிரிட்ஜ் செய்து டிவியில் மேட்ச் பார்க்க வேண்டும், ஆறு பேரும் பின்னால் காத்திருக்கிறார்கள். அடடா, என் வீட்டு வியாதியேதான். இதற்குள் நான் தேடிப் படித்திருந்தேன். வைஃபை கொடுக்கும் பெட்டி, பாஸ்வேர்டு சொல்லி உள்ளே வந்த கருவியைப் பெயர் எழுதிப் பதிந்துகொள்கிறது. அந்தப் பெயரில் வரும் சேதியை மட்டும்தான் வாங்கும். டிவியின் சேதியை லேப்டாப் தூக்கிக்கொண்டு போனால், இது யார், பதிவில் இல்லையே என்று கீழே போட்டுவிடும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே, புரியாத விஷயத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற மாதிரி எனக்கே இருந்தது.

அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது, சிரித்தார். "அட, நம்ம கதைதான மேடம் இது. எம் பேருல விசா இருக்கு, நான் உள்ள வந்துட்டேன். அதுக்காக பொண்டாட்டியப் பைக்குள்ள வெச்சுத் தூக்கியாற முடியுமா?" பின்னாலிருந்து யாரோ "உன் சம்பளத்துக்கு பையே கெடைக்காது" என்று கத்தினார்கள். ரூம் முழுக்கச் சிரிப்பு. அது அடங்கும் வரை காத்திருந்து, ரூமுக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள் என்றேன். அதுதான் என் பொழப்பே என்றார். வைப்பதற்கு முன், சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார். "கூட்டியாரணும்னா அவளுக்குன்னு தனியா ஒரு பேப்பர் வேணும் மேடம், அந்தப் பக்கம் இருக்கறவனும் அதை ஒத்துக்கணும்."

நான்காவது கட்டம்

செந்தில் சொன்ன அந்தப் பேப்பர் வைஃபையிலும் உண்டு. சாதாரணமாக அதன் படிவத்தில் பெயர் எழுத மூன்று கட்டம்தான் இருக்கும். நான்காவது கட்டம் வைத்த ஒரு முறையும் இருக்கிறது, கொண்டுவந்தவர் யார், சேதி யாருடையது என்று இரண்டையும் தனித்தனியாக எழுத. அதைப் போட்டால் கைநீட்டி வாங்கும் வைஃபையும் பிரிட்ஜில் சேரும். நிபந்தனை ஒன்றுதான், இரண்டு முனையும் நான்கு கட்டத்துக்குச் சம்மதிக்க வேண்டும். எங்கள் ஹால் ரவுட்டருக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆகவே என்னிடம் இருப்பதைப் போலவே இன்னொரு பெட்டி வேண்டும். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று.

அபுதாபி ஆபீஸில் எங்கள் டீம் லீட் நிரோஷன் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர். "ஏற்கெனவே ஒண்டு தந்தனானெல்லோ, ரெண்டாவது என்னத்துக்கு?" என்றார். வேறு காரணம் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வலிப்பு, டாக்டர், "ஆனா" எல்லாம் கொட்டிவிட்டது. இது கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன். "டெஸ்டிங்குக்கு எண்டு எழுதி அனுப்பிவிடுறன், பிள்ளையைப் பாருங்கோ. ஆனா கோல்ல கதைக்கேக்க பிள்ளையின்ட சத்தம் கேக்கக்கூடாது, கேட்டா நான் கேக்காத மாதிரி இருக்க ஏலாது, விளங்கிச்சோ?"

அசையாதது எது?

பெட்டி வந்தது, மாட்டினேன், சேர்ந்தது. திரையின் மூலையில் உள்ளங்கை அளவு ஜன்னலில் என் மகள் தூங்கினாள். ஒரு வாரம் ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு கண் அங்கே. அவள் கால் விரல் அசைந்தால்கூட எனக்குத் தெரியும். கார்த்திக் டே ஷிஃப்டில் இருந்த ஒரு மத்தியானம் முருகேசன் அண்ணன் மறுபடியும் லைனில் வந்தார். பிரின்டர் இப்போது ஒரே ஆர்டரை இரண்டு தடவை அடிக்கிறதாம், ஒரு தோசை கேட்டவருக்கு இரண்டு போகிறதாம். அதைச் சரிபார்த்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். மித்ரா ஒருக்களித்துத் தூங்குகிறாள். சமர்த்து. கொஞ்சம் அதிகமாகவே சமர்த்து. படத்தின் ஓரத்தில் கேமராவின் கடிகாரம் 2:47 என்றது. என் கணினியின் கடிகாரம் 2:52.

ஐந்து நிமிடம். அசையாமல் இருப்பது குழந்தையா, படமா? எழுந்து ஓடினேன். ஹெட்செட்டைக் கழற்றத் தோன்றவில்லை. வயரில்லாத ஹெட்செட் என்பதால் அண்ணனும் கூடவே என் காதில் ஓடிவந்தார், "மேடம்? மேடம்? லைன்ல இருக்கீங்களா?" கதவைத் திறந்தால், மித்ரா தொட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். அன்றுவரை அவள் நின்றதே இல்லை. தொட்டில் பக்கத்துக் குட்டி மேஜையில் நான் வைத்திருந்த பெட்டி கரண்ட் வயரில் தலைகீழாகத் தொங்கியது. அதிலிருந்து பிடுங்கிய கேபிளின் முனை அவள் வாயில். என்னைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டு, "த்தா!" என்று அறை அதிரக் கத்தினாள். கேபிளை வாங்கினேன், நெற்றியைத் தொட்டேன், சூடில்லை. மறுபடி தொட்டேன். தரையில் உட்கார்ந்து, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல், லைனில் இருந்தவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன், ஒரு வாக்கியமும் முழுசாக வரவில்லை. முருகேசன் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளை நின்னுருச்சுல்ல, அது போதும் மேடம். ஆனா நான் வெச்ச மாதிரி ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருந்தீங்கன்னா கைக்கு எட்டியிருக்குமா?"

பதிவில் கேட்டது

எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும், நிரோஷன் அண்ணா அவற்றில் சிலவற்றைக் கேட்பார். இரண்டு நாள் கழித்து அவர் பெயர் என் போனில் மின்னியபோது, ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரி மனதில் தயாராக இருந்தது. மித்ராவின் அந்த "த்தா" நிச்சயம் அபுதாபி வரைக்கும் கேட்டிருக்கும்.

தொண்டையைச் செருமினார். "அந்த நஜ்மாக் கடைக்காரற்ற கோல் முழுக்கக் கேட்டன். ஃப்ரிட்ஜைப் பற்றின கதையைத் தவிர வேற ஒரு சத்தமும் எனக்குக் கேக்கேல்ல."

எங்கள் குவார்ட்டர்ஸில் சமையலறை சின்னது, அதனால் குளிர்பெட்டி படுக்கையறைக் கதவை ஒட்டியே நிற்கிறது. சிக்னலில் ஒரு கோடு குறைந்தாலும் பரவாயில்லை என்று பெட்டி இப்போது அதன் தலையில்தான் இருக்கிறது, கேபிள் கதவின் மேல் இடுக்கு வழியாக உள்ளே போகிறது.

ஆகவே என் சக துயரவாசிகளே, கேபிள் சேரும், கொடுக்கிற வைஃபை சேரும், வாங்குகிற வைஃபை நான்காவது கட்டம் இருந்தால் சேரும், உறையில்லாத டாங்கிள் சேரவே சேராது, ஆனால் சேர்த்ததையெல்லாம் பத்து மாதப் பிள்ளை ஒரே இழுப்பில் பிரித்துவிடும் என்பதால், எதைச் சேர்த்தாலும் உங்கள் பிரிட்ஜை ஃப்ரிட்ஜ் மேலேயே வையுங்கள்.